கொக்குத் தலையில ஆறு லட்சம்

கொக்கு தலையில வெண்ணெயை வச்சி, அது வெயில்ல உருகிக் கண்ணை மறைக்கையில கொக்கைப் பிடிக்கப் போனான்னு ஒருத்தனைச் சொல்லி ஊரே சிரிக்கும். அவன் எவ்வளவோ தேவலை மருமவனே. அவனுக்கு வெண்ணெய்ச் செலவோட போச்சு. நீ போன்ல போட்டு வச்சிருக்கிற சிட்டையைக் கூட்டிப் பாத்தா 6 லட்சம் வருது. கேமரா, லென்ஸ், முக்காலி, முதுகுப்பை, இலையும் தழையும் வரைஞ்ச சட்டை, அதே துணியில லென்சுக்கும் ஒரு சட்டை. கொக்குக்கு மட்டுந்தான் இன்னும் ஒண்ணும் எடுக்கலை.

கோவிச்சுக்காதே. மாமன் எட்டாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கூந்தன்குளத்துல பொறந்து, அந்தக் குளத்துத் தண்ணியில நெல்லு போட்டு, முத்தத்து வேப்பமரத்துல நாரை கூடு கட்டுத வீட்டுலயே காலத்தைத் தள்ளிட்டேன். 1994-ல சர்க்கார் இதைச் சரணாலயம்னு எழுதி போர்டு நட்டுச்சு. அதுக்கு முன்னாலயே இது பறவைக்காகத் தீவாளி வெடியை விட்ட ஊரு. தை பொறந்தா குளத்துல பறவை இறங்கும். பின்னாலயே கரையில லென்ஸ் இறங்கும். பீடியைப் பத்த வச்சிக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கிற கிழவனுக்கு என்ன வெளங்கப் போகுதுன்னு, வாங்குன விலை, வித்த விலை, பொண்டாட்டிகிட்டச் சொன்ன விலை அம்புட்டையும் சத்தமா பேசுவாங்க. வேண்டாத படிப்பெல்லாம் எனக்கு அப்படித்தான் ஏறிச்சு.

கடையில போய் நின்னா, 'எத்தனை எம்எம் வேணும் சார்?'னு கேப்பான். நீயும் நெஞ்சை நிமித்திக்கிட்டு '600'ம்ப. கேள்வியே கோணல். மாமன் கேக்குதது மூணே மூணு. எந்தப் பறவை? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம் கை தாங்கும்? இதுக்குப் பதில் இருந்தா லென்ஸ் தன்னால அமையும். பதில் இல்லைன்னா 600 இல்லை, 6000 வாங்குனாலும் அது பீரோவுலதான் கூடு கட்டும்.

மொதக் கேள்விக்கு ஒரு சங்கதி சொல்லுதேன். ஒரு சீசன்ல பட்டணத்துல இருந்து ஒரு சார் வந்தாரு. லென்ஸைத் தூக்கியாரதுக்குன்னே தனியா ஒரு ஆளு. 600 எம்எம், எஃப் 4. பத்து லட்சத்துக்கு மேல விலை. காரை விட்டு இறக்கையில டிரைவர் செருப்பைக் கழத்திட்டுல்லா இறக்குனான். எங்க முத்தத்து மரத்துல மஞ்சமூக்கு நாரை நிக்குது. இருபது இருபத்தஞ்சு அடி தூரம். சார் கண்ணை வச்சுப் பாத்தாரு. மூக்கு மட்டும் தெரியுது. ரெண்டு எட்டு பின்னால வச்சாரு. மூக்கோட கண்ணும் வந்துச்சு. இன்னும் ரெண்டு எட்டு. கழுத்து வந்துச்சு. காலையும் சேத்து எடுத்துப்புடணும்னு, கண்ணை எடுக்காம பின்னாலயே போனாரு. பின்னால மாட்டுக்குக் கழனி வைக்கிற தொட்டி. நான் சொல்லியிருக்கலாந்தான். ஆனா ஒரு மனுசன் அவ்வளவு கவனமா ஒரு காரியம் செய்யையில குறுக்க பேசுதது மரியாதை இல்லை பாரு. லென்ஸை மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு சேதாரமும் இல்லாம உள்ள உக்காந்தாரு. நாரை அசையலை. பக்கத்து வீட்டுப் பொடியன் போன்ல நாரையை முழுசா எடுத்தான். தொட்டியோட சாரையும் முழுசா எடுத்தான்.

இப்பக் கணக்கைக் கேளு. மஞ்சமூக்கு நாரை நின்னா ஒரு மீட்டர் உசரம். 7 மீட்டர் தூரத்துல ஃபுல் ஃபிரேம் கேமராவுல 600 போட்டா, கேமராவை நட்டுக்குத்தலா பிடிச்சாலும் கட்டத்துக்குள்ள 40 சென்டிமீட்டர்கூட அடங்காது. மீட்டர் உசரத்து நாரை அதுல எங்க போய் நிக்கும்? அதே தூரத்துல உன் அத்தை வச்ச செம்பருத்தியில தேன்சிட்டு வந்து தொங்குது. மொத்தமே 10 சென்டிமீட்டர் உருப்படி. அதுக்கு அந்த 600-மே காணாது. கட்டத்துல கால்வாசிதான் அடையும். பெரிய பறவைக்குப் பெரிய லென்ஸ்னு ஊரே நெனைக்குது. கணக்கு தலைகீழா இருக்கு. சின்ன உருப்படிக்குத்தான் நீள லென்ஸ். ஆளுக்குப் பழகுன நாரை, கூழைக்கடா, கொக்குக்கெல்லாம் 300, 400 தாராளம்.

இன்னொண்ணு. லென்ஸ் ஒவ்வொண்ணுக்கும் இம்புட்டுத்தான் கிட்ட வரலாம்னு ஒரு எல்லை உண்டு. அந்தப் பெரிய 600 எல்லாம் 4 மீட்டருக்கு உள்ள வந்தா ஃபோகஸ் ஆகாது. தேன்சிட்டு ஆசையா மூக்குக்கு முன்னால வந்து உக்காந்தா, நீ பத்து லட்சத்தையும் தூக்கிக்கிட்டுப் பின்னால போவணும். சோனியோட 200-600 ஜூம் 2.4 மீட்டர் வரைக்கும் கிட்ட விடும். கடையில எம்எம் கேக்குத வாயி இதையும் கேக்கணும்.

பூநாரை வேற கதை. அது குளத்து நடுவுல, 150 மீட்டருக்கு அங்கிட்டு நிக்கும். அங்க 600 போட்டாலும் கட்டம் 9 மீட்டர் அகலத்தைக் காட்டும். கூட்டமா நின்னா படம். ஒத்தையா நின்னா தண்ணிப் படம். அதை 1200 ஆக்கிருவோம்னு 2 எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் வாங்குதாங்க. 1.4 போட்டா வெளிச்சம் பாதியாப் போகும். 2 போட்டா கால்வாசிதான் மிஞ்சும். அதையும் பொறுத்துக்கிட்டா, 9 மணிக்கு மேல தண்ணி மேல கானல் ஆடும். பறவைக் கழுத்து நெளியும், கால் ஒடிஞ்சு ஒடிஞ்சு நிக்கும், தூவி எல்லாம் மெழுகிவிட்டாப்புல வழவழன்னு ஆயிரும். ஃபோகஸ் சரி, ஷட்டர் சரி, லென்ஸும் சரி. நடுவுல நிக்குத 150 மீட்டர் காத்துதான் சரியில்லை. காத்துக்கு மருந்து எந்தக் கம்பெனிக்காரனும் விக்கலை. படம் தெளியலைன்னு லென்ஸ் மேல பழியப் போட்டு, பாதி விலைக்கு வித்துட்டு, இன்னும் நீளமா ஒண்ணு வாங்கிட்டு வந்து, அதே பத்து மணிக்கு அதே கரையில நிக்குதவங்களை எனக்குத் தெரியும். காலையில 6.30-க்கு வந்தா பழைய லென்ஸே எடுத்துக் குடுக்கும். என்ன செய்ய, வள்ளியூர் ஓட்டல்ல இட்லி எட்டு மணிக்குத்தான் சூடா கிடைக்குதாம்.

அதான் ரெண்டாவது கேள்வி, எத்தனை மணிக்குன்னு. 6.30 வெளிச்சம் இளசா பக்கவாட்டுல விழும். தூவி தூவியா தெரியும். ஆனா அளவு கம்மி. எஃப் கணக்கு இங்கதான் வேலை செய்யுது. எஃப் 4-ல வாரதுல பாதிதான் 5.6-ல வரும், அதுல பாதிதான் 8-ல. 600-ஐ 4-ஆல வகுத்துப் பாரு, 150. அம்புட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு லென்சுக்கு வாய் வேணும். 6.3-ஆல வகுத்தா 95. அந்த 150 வாயகலத்துக்குத்தான் எஃப் 4-காரன் பத்து லட்சம் குடுக்கான். அகல வாய் ரெண்டரை மடங்கு வெளிச்சம் குடிக்கும். விலையில எம்புட்டு குடிக்கும்னு பாத்தா, 6.3 ஜூமு ஒன்றரை லட்சத்துக்கு மேல ரெண்டு லட்சத்துக்குள்ள கிடைக்குது. மிச்சத்தை நீயே வகுத்துக்க; இன்ஜினியருல்லா.

கிளையில சும்மா உக்காந்திருக்கிற பறவைக்கு 1/500 ஷட்டர் போதும். நாரை பறந்தா 1/1600 வேணும். மீன்கொத்தி பாயுததைப் பிடிக்கணும்னா 1/3200-க்குக் கொறையாது. 'லென்சுக்குள்ளயே ஆட்டத்தைத் தாங்குத சமாச்சாரம் இருக்கு மாமா'ன்னு சொல்லுவ. இருக்கு. அது உன் கை நடுக்கத்தைத் தாங்கும். பறவை ரெக்கையைப் பிடிச்சு நிப்பாட்டாது. விடிஞ்சும் விடியாமலும் எஃப் 6.3-ல 1/2000 வச்சேன்னா ஐஎஸ்ஓ 3200, 6400-ன்னு ஏறத்தான் செய்யும். புள்ளி விழுமேன்னு பயந்து ஷட்டரைக் கொறைக்காதே. புள்ளியைக் கம்ப்யூட்டர்ல தொடச்சிரலாம். இழுவி விழுந்த படத்தை எந்தச் சாமி வந்தும் நிமித்தாது.

வெள்ளைக் கொக்குல இன்னொரு சூது உண்டு. சுத்திக் கிடக்கிற கறுத்த தண்ணியைப் பாத்து கேமரா ஏமாந்து, வெளிச்சத்தைக் கூட்டிரும். கொக்கு வெளுத்துப் போய், ஒரு தூவி தெரியாம, வெறும் வெள்ளையா வந்து நிக்கும். ஒரு படி கொறச்சு வையி. அதே மாதிரி, வெளுத்த ஆகாசத்துல நாரை பறந்தா அது கறுத்து விழும். ஒரு படி கூட்டு. இதுக்குக் காலணா செலவில்லை. அதனாலதான் எவனும் படிக்க மாட்டேங்கான்.

மூணாவது கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். அத்தைகிட்டப் போய் ஒரு பையில 3 கிலோ அரிசி கட்டி வாங்கிட்டு வா. மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடி. மாமன் இந்தப் பீடியை முடிக்கிற வரைக்கும் இறக்கப்படாது. ... என்னலே, அதுக்குள்ள தோள்பட்டை ஆடுது? இன்னும் பறவையே வரலையே. கரையில காத்துக் கிடக்குததுன்னா என்னன்னு நெனச்ச? ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்காது. அப்புறம் ஒரு நொடியில எல்லாம் நடந்து முடிஞ்சிரும். அந்த நொடியில லென்ஸ் கையில இருக்கணும், தரையில இருந்தா உபயோகமில்லை. நிக்கானோட பழைய 200-500 லென்ஸ் 2.3 கிலோ, டி500 கேமராவையும் மாட்டுனா 3 கிலோ தாண்டிரும். சோனி 200-600 ஒண்ணே 2.1 கிலோ. கேனன்ல ஆர்எஃப் 100-400-ன்னு ஒண்ணு 2021-ல வந்துச்சு. 635 கிராம். படம் எஃப் 4-காரன் எடுக்குத தரத்துக்கு வராதுதான். ஆனா அவன் லென்ஸை இறக்கி வச்சிட்டுக் கழுத்தை நீவுத நேரத்துல, இவன் நாலு படம் எடுத்திருப்பான்.

முக்காலியை விரிச்சு மூணு காலையும் முறுக்குததுக்குள்ள பறவை மங்கோலியாவுக்கே திரும்பிப் போயிரும். ஒத்தைக்கால் மோனோபாடு போதும். இல்லைன்னா காடாத்துணியில ஒரு பை தச்சு, ரெண்டு கிலோ பச்சைப்பயறைக் கொட்டி, கார் சன்னல் மேலயோ கரைக் கல்லு மேலயோ போட்டு அதுல லென்ஸைச் சாத்து. ஆடாம நிக்கும். சாயங்காலம் அந்தப் பயறைச் சுண்டலும் வைக்கலாம். உன் கார்பன் ஃபைபர் முக்காலியைச் சுண்டல் வைக்க முடியுமா?

கேமராவுக்கு வருவோம். ஏபிஎஸ்-சி சென்சார் வாங்கினா 400 லென்ஸ் 640 ஆயிரும்னு கடைக்காரன் சொல்லுவான். ஒண்ணும் ஆகாது. தோசையோட ஓரத்தைச் சுத்திப் பிச்சுப் போட்டுட்டு, நடுவுல உள்ளது பெருசாயிட்டுன்னு சொல்லுத கதை அது. லென்ஸ் அதே லென்ஸ், விழுத உருவம் அதே அளவு, கட்டந்தான் சின்னது. ஆனா அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள புள்ளியை நெருக்கி அடுக்கியிருக்கான் பாரு, அதுல காரியம் இருக்கு. கேனன் ஆர்7-ல 32.5 மெகாபிக்சல் அந்தக் கட்டத்துக்குள்ளயே கிடக்குது. தூரத்துச் சின்னப் பறவை மேல அதிகப் புள்ளி விழும். துட்டு கம்மியா இருக்கிறவனுக்கு அது நல்ல வழி. இருட்டு வேளையில ஃபுல் ஃபிரேம் கொஞ்சம் கூடத் தாங்கும். அம்புட்டுத்தான் வித்தியாசம், இதுக்கு மேல பேசுதவன் கமிஷனுக்குப் பேசுதான்.

நொடிக்கு 30 படம் எடுக்குமாம். எடுக்கட்டும். ஒரு காலையில ஒரே கொக்கை ரெண்டாயிரம் தடவை எடுத்துட்டு வந்து, ராத்திரி பூரா கண்ணைக் கசக்கிக்கிட்டு எது நல்லாருக்குன்னு தேடுவ. ரெண்டாயிரத்துலயும் அதே கொக்கு அதே ஒத்தக்கால்ல நிக்கும். அதோட, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல அந்த வேகத்துக்குப் போனா, சில கேமராவுல படபடன்னு அடிக்கிற ரெக்கை வளைஞ்சு விழும். ஆர்7-லயும் அந்தக் கொறை உண்டு. இன்னொரு விந்தை கேளு. நீ பொத்தானை அமுக்குததுக்கு அரை நொடி, ஒரு நொடி முன்னாலயே எடுத்து வச்சுக்கிடுத கேமராவும் வந்தாச்சு. ப்ரீ-கேப்சர்னு பேரு. மீன்கொத்தி பாஞ்ச பொறவு நீ முழிச்சு அமுக்குனாலும், பாஞ்சது பதிவாகியிருக்கும். அப்ப நீ எதுக்குலே அங்க? பயறுப் பையைத் தூக்கிட்டுப் போகவா?

கேலி பண்ணுதேன்னு எல்லாத்தையும் தள்ளிராதே. ஒண்ணு நெசமாவே துட்டுக்குத் தகும்: பறவையோட கண்ணைத் தேடிப் பிடிச்சு, அது பறந்தாலும் விடாம ஃபோகஸை ஒட்டிக்கிட்டே போகுத கேமரா. இப்ப வர்ற மிர்ரர்லெஸ்ல அது கெட்டியா இருக்கு. முந்தியெல்லாம் முள்ளுக்குள்ள இருக்கிற சிட்டை எடுத்தா முள்ளு பளிச்சுன்னு விழும், சிட்டு மங்கிப் போகும். கேமரா பாக்கப் போனா மெகாபிக்சல் கேக்காதே. கடைக்கு வெளியில கூட்டிட்டுப் போயி, கம்பியில இருக்கிற காக்காயைக் காட்டி, கண்ணைப் பிடிக்குதான்னு பாரு. காக்காய்க்குக் கண்ணும் கறுப்பு, மூஞ்சியும் கறுப்பு. அதைப் பிடிச்ச கேமரா எதையும் பிடிக்கும்.

உன் சிநேகிதன் நிக்கான் பி1000 வச்சிருக்கான்னு சொன்னல்லா, 3000 எம்எம்னு. சங்கதி இதுதான். உள்ள இருக்கிற சென்சார் அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம். ஃபுல் ஃபிரேமுக்கு 36. லென்ஸோட நெசமான நீளம் 539 எம்எம், அதுவும் எஃப் 8. மிச்சத்துக்கு ஓரத்தைப் பிச்ச கணக்குதான். நல்ல வெயில்ல தூரத்துப் பறவை இன்னதுன்னு அடையாளம் காண அருமையான சாமான். நிலாவை எடுத்து வாட்ஸ்அப்ல போடவும் ஆகும். மேகம் மூடுனா பையில போட்டுட்டு வந்துரணும்.

அடுத்தது கம்பெனி. கரையில பாத்திருக்கேன், கேனன்காரன் ஒரு பக்கம், நிக்கான்காரன் ஒரு பக்கம், சோனிக்காரன் தனியா. ஒருத்தன் குடுக்குத டீயை ஒருத்தன் குடிக்க யோசிக்கான். ஊர்ல உள்ள சாதி போதாதுன்னு இது ஒண்ணு. நாரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லார் தலையிலயும் சமமாத்தான் எச்சம் போடும். உன் கையில எது ஒக்குதோ, பக்கத்துல சிநேகிதன்கிட்ட எது இருந்து லென்ஸ் மாத்திக்கிட முடியுதோ, ரிப்பேர்னா எது பக்கத்துல ஆகுதோ, அதை வாங்கு.

பழசு வாங்க வெக்கப்படாதே. 2016-ல வந்த டி500-ம் 2015-ல வந்த 200-500-ம் இன்னைக்கும் பறவை எடுக்குது. புதுசு புதுசா மாத்துத சீமான்கள் இருக்கிற வரைக்கும் உனக்குக் கொறையில்லை. கேமரான்னா ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளு. லென்ஸ்னா டார்ச் அடிச்சு உள்ளுக்குள்ள பாரு. நூல் நூலா வெள்ளையா படர்ந்திருந்தா பூஞ்சணம். அப்படியே கும்பிட்டுட்டு வந்துரு. உங்க சென்னைப் புழுக்கத்துக்கு அது வெரசா பிடிக்கும். தோல் பையில பூட்டி வைக்காதே. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லைப் போட்டு, ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு ஒரு சின்ன மீட்டரையும் போட்டு வையி. எல்லாத்தையும் விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒருக்க வெளியில எடுத்துப் பறவையைப் பாக்குதது.

இனி அந்தத் தழைச் சட்டை. எங்க ஊர்ல நாரை, சாரம் கட்டுன ஆளையும், கோலம் போடுத பொம்பளையையும், சைக்கிளையும், ஆட்டையும் பாத்துப் பழகுனது. வேப்பமரத்தடியில ஒரு புதர் எந்திரிச்சு நடந்து போனா அது பயப்படாம என்ன செய்யும்? மறைஞ்சு எடுக்குதது தப்புன்னு சொல்லலை. இங்கிலாந்துல கியர்ட்டன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாலயே, உள்ள பொள்ளலா ஒரு பொய் மாடு செஞ்சு, அதுக்குள்ள நின்னு பறவையைப் படம் எடுத்தாங்களாம். அந்நேரம் பக்கத்துக் காட்டுக் காளை ஒண்ணு வந்து மோந்து பாத்திருந்தா என்ன கதின்னு நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன். அவ்வளவு வேண்டாம். சத்தம் போடாம, வெரசா நடக்காம, ஒரே எடத்துல உக்காரு. தண்ணிப் பறவையைக் கரை மேல நின்னு கீழ பாத்து எடுக்காதே. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு சேத்துல படு. அது கண்ணும் உன் லென்ஸும் ஒரே மட்டத்துல இருக்கணும். அந்தப் படத்துக்கு 6 லட்சம் வேண்டாம், சலவைச் செலவு போதும்.

இப்ப மாமன் கேலி பண்ணலை, கேட்டுக்க. கூட்டுக்கிட்டப் போகாதே. வைகாசி வெயில்ல தாய் நாரை ரெக்கையை விரிச்சுக் குஞ்சுக்கு நெழல் பிடிச்சு நிக்கும். நீ கிட்டப் போயி அதைக் கிளப்பிவிட்டா, நீ 'செட்டிங்' சரி பண்ணுத நேரத்துல குஞ்சு வெந்து போகும். இல்லைன்னா காக்காய் தூக்கிட்டுப் போகும். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இப்பப் போட்டி நடத்துதவங்க பலபேரு கூட்டுப் படத்தை உள்ளயே விடுததில்லை. பறவை தன் சோலியை நிறுத்திட்டு உன்னைப் பாத்துச்சுன்னா, நீ கிட்ட வந்துட்டன்னு அர்த்தம். லென்ஸ் வாங்குததே அந்தத் தூரத்தை மதிக்கத்தான். மதிக்காம போனா அதுவும் சும்மா இருக்காது. எரிக் ஹாஸ்கிங்னு பெரிய பேரெடுத்த பறவைப் படக்காரரு. 1937-ல ஆந்தைக் கூட்டுக்கிட்ட, தாய் ஆந்தை அடிச்சு ஒரு கண்ணே போயிட்டு. அதுக்கு அப்புறமும் ஒத்தக்கண்ணை வச்சுக்கிட்டு வாழ்நாள் பூரா பறவையைத்தான் எடுத்தாரு. உனக்கு ரெண்டு இருக்குன்னு தைரியம் கொள்ளாதே.

நம்ம திருநெல்வேலியில 1912-ல பொறந்தவரு மா. கிருஷ்ணன், நாவல் எழுதின அ. மாதவையாவோட மகன். ஸ்டேட்ஸ்மேன் பேப்பர்ல 1950-ல இருந்து 1996-ல கண்ணை மூடுத வரைக்கும் காட்டையும் பறவையையும் பத்தி எழுதினவரு. படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. கேமராவை அங்கன இங்கன கிடைச்ச உறுப்பைச் சேத்துத் தானே ஒட்டுப்போட்டு, அதுக்கு சூப்பர் பாண்டரோசான்னு பேரும் வச்சிருந்தாரு. கடையில வாங்கினதுக்கு நீ சட்டை தைக்குத; தானே கட்டினதுக்கு அவரு பேரு வச்சாரு. ஒரு மிருகம் எப்ப என்ன செய்யும்னு முன்கூட்டியே தெரிஞ்ச மனுசன் அவரு. ப்ரீ-கேப்சர் அவருக்கு மண்டைக்குள்ளயே இருந்துச்சு.

சரி, உன் மூஞ்சி வாடுது. முடிவா சொல்லுதேன். கைச்செலவு கணக்கா இருந்தா ஆர்7 மாதிரி ஏபிஎஸ்-சி ஒண்ணும், அந்த 635 கிராம் 100-400-ம் எடு. 400-ல அது எஃப் 8. விடியுமுன்ன திணறும், வெயில் விழுந்தா பொளந்து கட்டும். கொஞ்சம் கூடப் போட முடிஞ்சா நிக்கான் 180-600, இல்லை சோனி 200-600, ரெண்டுல ஒண்ணு, கண்ணைப் பிடிக்குத கேமரா ஒண்ணோட. நூத்துக்குத் தொண்ணூறு பறவைக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். துட்டைப் பிரிக்கையில லென்சுக்கு முக்கால், கேமராவுக்குக் கால்னு மனசுல வச்சுக்க. நல்ல லென்ஸ் பத்து பதினஞ்சு வருஷம் கூட வரும். கேமராவுக்கு நாலு வருஷத்துக்குள்ள தம்பி பொறந்துருவான். அந்த 600 எஃப் 4, லென்ஸ் தூக்க ஒரு ஆளும் மாத்து வேட்டியும் உள்ளவங்களுக்கு.

ஆனா எதுக்கும் முன்னால 8x42 பைனாகுலர் ஒண்ணு வாங்கு. கழுத்துல மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போ. உன் ஆபீசுக்குப் பக்கத்துலதான் கிடக்கு. பூநாரை அங்கயும் வரும். நீ தெனமும் டிராபிக்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே தாண்டிப் போற எடம். ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயித்துக்கிழமை, 6 மணிக்கு அங்க நில்லு. அடுத்த வாரமும் எந்திரிக்கத் தோணுச்சுன்னா, அந்த 200-600-ஐ ரெண்டு நாள் வாடகைக்கு எடு. சென்னையில குடுக்குதாங்க. அந்த ரெண்டு நாள்லயும் கை வலிக்காம, கண்ணு பூக்காம, பறவை மேல கோவப்படாம வந்தேன்னா, விலையைக் குடுத்து வாங்கு. வாங்கிட்டு அத்தை முன்னால விலையைச் சொல்லாதே. சொன்னா அவ அரிசிக் கணக்குக்கு மாத்தி, எத்தனை மூட்டைன்னு ஊரெல்லாம் சொல்லிருவா.

பெரிய லென்ஸ் வாங்கையில கூடவே 50 எம்எம் ஒண்ணும் வாங்கிரு மருமவனே. சின்னது, விலை கம்மிதான். கேமரா வாங்கப் போறன்னு நீ வாயைத் திறந்த அன்னைக்கே உன் அத்தை முடிவு பண்ணிட்டா, ஆவணியில நடக்கிற பேத்தி காதுகுத்துக்கு போட்டோக்காரனுக்குக் குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டா. 600 எம்எம்ல காதுகுத்து எடுக்கணும்னா, மண்டபத்துக்கு எதுத்தாப்புல உள்ள பஸ் ஸ்டாப்புல நின்னுதான் எடுக்கணும். அங்க நின்னா உனக்குப் பந்தியில எலை போட மாட்டாங்க.